பழைய இரும்பும் எம்மவரும்: எழுதப்படாத ஒரு தொழிலின் வரலாறு

1980களில் யாழ்ப்பாணத்தில் நான் படித்த பாடசாலையில் ஆண்டு தொடங்கியதும் ஒரு படிவம் தருவார்கள். தகப்பன் பெயர், விலாசம், தொழில் என மூன்று வரிகள் இருக்கும். மூன்றாவது வரியில் நான் 'வியாபாரம்' என்று மட்டும் எழுதுவேன். என்ன வியாபாரம் என்று எழுதமாட்டேன். பக்கத்தில் இருந்தவன் 'புடவைக் கடை' என்று எழுதுவான். பின்வாங்கில் இருந்தவன் 'நகை வியாபாரம்' என்று எழுதிவிட்டு எங்களுக்கும் காட்டுவான். என் வாப்பா பழைய இரும்பு வாங்கி விற்பவர். அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வெட்கம் என்னோடு மட்டும் நின்றதல்ல என்பதைப் பிற்காலத்தில் எமது சமூக வரலாற்று நூல்களைப் படித்தபோது விளங்கிக்கொண்டேன். அறபு வணிகர் வருகை, மாணிக்க வியாபாரம், புடவை வியாபாரம், கிழக்கின் வேளாண்மை, பள்ளிவாசல்கள், பாடசாலைகள், அரசியல் தலைவர்கள் என எத்தனையோ விடயங்கள் எழுதப்பட்டுள்ளன. ஆனால் சாக்கும் தராசுமாக ஊர் ஊராகப் போய்ப் பழைய இரும்பு சேர்த்தவர்களையும், கொளுத்தும் வெயிலில் அதை உடைத்து, வெட்டி, தரம் பிரித்து லொறியேற்றியவர்களையும் பற்றி நான் வாசித்த நூல்களில் ஒரு பந்தி கூடக் கிடைக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மறைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கடனில் ஒரு சிறு பங்கையேனும் தீர்க்கும் முயற்சியாகவே இக்கட்டுரை அமைகிறது.

சரந்தீபின் உருக்கு

இரும்போடு இத்தீவுக்குள்ள உறவு மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்-கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வாள் செய்யப் பயன்பட்ட உருக்கு வகைகளைக் குறிப்பிடும்போது 'சரந்தீபி' என்ற வகையையும் அவர் சேர்த்துக்கொள்கிறார். சரந்தீப் என்பது அறபிகள் எமது தீவுக்கு வழங்கிய பெயர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இங்கிருந்து போன உருக்கு வேறு நாடுகளின் கொல்லர்களுடைய கையில் வாளாக மாறியிருக்கிறது.

அந்த உருக்கு எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்பது நீண்டகாலம் புதிராகவே இருந்தது. 1990களில் பலாங்கொடைப் பக்கத்தில் சமனலவெவ நீர்மின் திட்டம் நடந்தபோது அப்பகுதியில் ஆய்வு செய்த பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்பு உலைகள் இருந்ததைக் கண்டறிந்தார். அவை 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. துருத்தி ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே பயன்படுத்தி அவ்வுலைகள் எரிந்தன. அதே மாதிரியில் ஓர் உலையைக் கட்டி எரித்துப் பார்த்தபோது, தரமான கரிமம் மிகுந்த உருக்கு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் இம்முடிவுகள் வெளியாயின.

இந்தச் செய்தியை நாம் பெருமையோடு மேடைகளில் சொல்கிறோம். சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த மலைச்சரிவில் மண் சுமந்து, கரி சுட்டு, ஒவ்வொரு தடவையும் உலையின் முன்சுவரை உடைத்துத் திரும்பக் கட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட எஞ்சவில்லை. வாளின் பெயரும் தீவின் பெயரும் மட்டுமே நின்றன. பழைய இரும்புக்காரருக்கு நடந்ததும் இதுதான்.

தீவின் சுரங்கம்

இலங்கையில் இரும்புத் தாது அறவே இல்லையென்று சொல்ல முடியாது. சிலாபத்துக்கு அண்மையில் பானிரெந்தாவவிலும் திருகோணமலை மாவட்டத்தில் சேருவிலவிலும் படிவுகள் உள்ளன. ஆனால் அவற்றைத் தோண்டி உருக்குத் தொழில் நடத்தும் அளவுக்கு நாம் போகவில்லை. பிரித்தானியர் காலத்தில் ரயில் தண்டவாளம், பாலம், தேயிலை ஆலை இயந்திரம், கூரைத் தகரம் என்று வந்து குவிந்ததெல்லாம் கப்பலில் வந்த இரும்பு. அப்படி வந்த இரும்பு பழுதாகும்போது அதுவே நாட்டின் சுரங்கமாகிறது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டுபவன் சைக்கிளில் வருகிறான் என்பதால் அதற்குச் சுரங்கம் என்ற மதிப்புக் கிடைப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் சோவியத் நாட்டின் உதவியோடு அத்துருகிரியப் பக்கம் ஒருவெலவில் உருக்கு ஆலை நிறுவப்பட்டது. 1967இல் இயங்கத் தொடங்கிய இலங்கை உருக்குக் கூட்டுத்தாபனம், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த உருக்குக் கட்டிகளைச் சூடாக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டியது. 1996இல் அது தனியார்மயமாகிக் கொரிய நிறுவனமொன்றிடம் போனது. பின்னாளில் தனியார் துறையில் பழைய இரும்பையே உருக்கும் மின் உலைகளும் வந்தன. இன்று ஒரு வீட்டின் கொங்கிறீற்றுக்குள் கிடக்கும் கம்பியில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் தெருவில் கூவி வாங்கிய பழைய இரும்பாக இருக்கக்கூடும்.

எங்கள் குடும்பத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கியவர் மூத்தாப்பா. இரண்டாம் உலகப் போரின்போது பலாலியில் பிரித்தானிய விமானப்படைக்காக ஒரு விமானத்தளம் கட்டினார்கள். போர் முடிந்ததும் அங்கே மிஞ்சிய தகரம், பீப்பா, கம்பி போன்றவற்றை விற்றபோது, மூத்தாப்பா கடன்பட்டு இரண்டு வண்டில் சாமான் வாங்கினாராம். அதற்குமுன் அவர் கைக்கரத்தை இழுத்துக் கூலி வேலை செய்தவர். "அந்தப் பீப்பாக்களுக்குள்ளதான் எங்கட வீடு கிடந்திச்சி" என்று உம்மா சொல்வார். 1960களில் வாப்பா தொழிலுக்கு வந்தபோது சோனகர் தெருவுக்கு அண்மையில் சிறிய கடையொன்றும், கொழும்புக்குச் சரக்கு அனுப்பும் தொடர்பும் இருந்தன. கொழும்பில் சரக்கு போய் இறங்கும் இடங்களில் ஒன்று பஞ்சிகாவத்தை. பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன அந்தத் தெருவில் எமது சமூகத்தவர் பலர் இன்றும் தொழில் செய்கிறார்கள்.

தரம் பிரிக்கும் கை

கடையில் ஐந்து பேர் வேலை செய்தார்கள். இருவர் எமது தெருவைச் சேர்ந்தவர்கள். மற்ற மூவரும் தமிழர்கள். காலையில் சைக்கிள்காரர் கொண்டுவந்து கொட்டுவதைப் பார்த்தால் எல்லாம் ஒரே துருக் குவியலாகத்தான் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அப்படியல்ல. கட்டி இரும்பு, வார்ப்பிரும்பு, தகரம், வில்லுத் தகடு, செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் என்று அது எட்டுக் குவியலாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு.

பிரிப்பதற்கு ஆய்வுகூடம் எதுவும் கிடையாது. சுத்தியலால் தட்டினால் வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும். ஓங்கி அடித்தால் வளையாமல் உடையும். சாணைச் சக்கரத்தில் பிடித்தால் கரிமம் மிகுந்த உருக்கு கிளை கிளையாகப் பொறி பறக்கவிடும், மென்னிரும்பின் பொறி நீளமாக ஓடும். காந்தம் ஒட்டாமல் பளபளக்கும் தட்டு சில்வர் வகை. லொறியின் வில்லுத் தகட்டைக் கொழும்புக்கு அனுப்பமாட்டார்கள். கொல்லர்கள் தேடிவந்து வாங்குவார்கள், கத்தியும் மண்வெட்டியும் அடிக்க அதைவிட நல்ல இரும்பு கிடையாது.

இந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியமான வேலை என்பதை நான் மிகப் பிந்தித்தான் அறிந்தேன். பழைய மோட்டரிலிருந்து செம்புக் கம்பியைக் கழற்றுவது செம்புக்கு நல்ல விலை என்பதால் மட்டுமே என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். ஆனால் செம்பு இரும்போடு சேர்ந்து உருகிவிட்டால், பிறகு அதை நீக்க நடைமுறையில் வழியில்லை. கந்தகம், பொசுபரசு போன்றவற்றைக் கசடோடு வெளியேற்றலாம், செம்பை முடியாது. செம்பு கலந்த உருக்கைச் சூடாக்கி உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும். ஆகவே உலைக்குப் பக்கத்தில் நிற்கும் பொறியியலாளர் செய்ய முடியாத வேலையை, நிலத்தில் குந்தியிருந்து உளியும் சாவணமும் கொண்டு மோட்டர் உடைக்கும் தொழிலாளி செய்துவிடுகிறான். அதுபோலவே, மூடிய உருளையோ நீர் தேங்கிய குழாயோ அப்படியே உலைக்குள் போனால் வெடிக்கும். அதை முன்கூட்டியே உடைத்துத் திறந்து வைப்பவனும் அவன்தான்.

மின்வில் உலை 1900ஆம் ஆண்டளவில் பிரான்சில் போல் ஹெரோவின் கையால் தொழில் முறைக்கு வந்தது. இன்று உலகில் பழைய இரும்பை உருக்குவதில் முதலிடம் அதற்கே. ஒரு தொன் பழைய இரும்பை மீண்டும் உருக்கினால், ஏறத்தாழ 1.4 தொன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும் என்று உலக உருக்குச் சங்கம் கணக்கிடுகிறது. இப்போது 'பசுமை உருக்கு' என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். வாப்பாவின் கடையில் வேலை செய்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தரும் இறாத்தலும்தான்.

கடையின் நடுவில் பெரிய தராசு தொங்கும். பக்கத்தில் கால் அந்தர், அதாவது 28 இறாத்தல் படிக்கற்கள். வாப்பா நிறுவையில் மிகக் கண்டிப்பு. நிறுவையில் மோசம் செய்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஒரு சூறாவே இருப்பதையும், இரும்பின் பெயரால் இன்னொரு சூறா இருப்பதையும் சேர்த்துச் சொல்லி, "ரெண்டும் எங்களுக்காகத்தான் மவன்" என்பார். தொழிலின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். களவுச் சாமான் இந்தத் தொழிலின் தீராத நோய். மின்கம்பி, கிணற்றுக் கப்பி, பாலத்துக் கம்பி, ரயில் பாதையின் ஆணி என்று இரவில் கொண்டுவருவோர் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள், அவற்றை வாங்கியவர்களும் இருந்தார்கள். ஒருசிலர் செய்ததற்காகத் தொழிலில் உள்ள எல்லோரையும் பொலிசார் ஒரே கண்ணால் பார்த்தார்கள். எனது வெட்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

1990

1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் இடம்பெயர்ந்தனர் என மதிப்பிடப்படுகிறது. யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசமே கிடைத்தது. இவ்வெளியேற்றம் பற்றி எம்மவர் பலர் எழுதிவிட்டனர். அதை நான் திரும்ப எழுத வரவில்லை. கடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை கடையில் கொழும்புக்குப் போகவேண்டிய சரக்கு கட்டிக் கிடந்தது. எத்தனை தொன் என்று வாப்பா சாகும்வரை சொல்வார். நான் அதை இங்கு எழுதவில்லை, எழுதினால் நட்டஈட்டுக் கோரிக்கைபோல ஆகிவிடும். நகைக்காரர் சிறிது பொன்னையாவது கொண்டுபோகப் பார்த்தார். புடவைக்காரர் மாற்றுடுப்பாவது எடுத்தார். இரும்புக்காரன் எதை எடுப்பது? வாப்பா ஒரு படிக்கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பின்ஒழுங்கையில் இருந்த தமிழ் அம்மா ஒருவரிடம் கொடுத்தார். "வச்சிருங்கோ, வந்து எடுப்பன்" என்றார். அந்த அம்மா பதில் சொல்லாமல் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது 13 வயது.

அதன்பின் யாழ்ப்பாணத்துக்குப் பல பொருட்கள் போகத் தடையிருந்தது. இரும்பும் சீமெந்தும் அருமையான பொருட்களாயின. வடபகுதி ரயில் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஒரு காலத்தில் யாழ்தேவி ஓடிய இரும்பு மண்ணுக்குள் போனது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பவும் வந்தபோது அது ஓடியது முற்றிலும் புதிய தண்டவாளத்தில்.

புத்தளத்தில்

புத்தளத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் இருந்தோம். உள்ளூர் மக்கள் சோறும் பாயும் தந்தார்கள், அதை மறக்க முடியாது. ஆனால் தொழில்? மூன்றாம் மாதமே வாப்பா ஒரு பழைய சைக்கிளை வாடகைக்கு எடுத்தார். 44 வயதில், ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுத்த மனிதர், தன் தகப்பன் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தார். "பழைய இரும்பு, பித்தளை, போத்தல்" என்று தமிழிலும், சிங்களக் கிராமங்களில் "பரண யகட" என்றும் கூவிக்கொண்டு போவார். முதல் நாள் கூவ வாய் வரவில்லை என்று இரவில் உம்மாவிடம் சொன்னதை நான் படுத்திருந்து கேட்டேன்.

முகாமில் இருந்த ஆண்கள் பலர் அப்படித்தான் தொடங்கினார்கள். முதல் இல்லாதவனுக்கு இந்தத் தொழில் ஒன்றே கதவைத் திறந்துவைத்தது. காலையில் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கி, மாலையில் சரக்காகக் கொடுத்தால் போதும். ஆனால் அந்த முன்பணமே விலங்கு. யாரிடம் பணம் வாங்கினானோ அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும். உலகச் சந்தையில் இரும்பு விலை விழுந்தால் அந்த வீழ்ச்சி ஆலையில் தொடங்கி, மொத்த வியாபாரி, சிறு கடை என்று இறங்கி, கடைசியில் சைக்கிள்காரன் வீட்டு உலைமூடியில் வந்து நிற்கும். விலை ஏறும்போது அந்த ஏற்றம் அதே வழியால் அவனிடம் வந்து சேர்வதில்லை.

சட்டமும் பீப்பாவும்

1990களின் நடுப்பகுதியில் எனது மாமியின் மகன் ஓரிடத்தில் பழைய இரும்பு வெட்டும் வேலைக்குப் போனான். 19 வயது. கேஸ் கொண்டு வெட்டுவதை ஒரு வாரத்தில் பார்த்துப் பழகிக்கொண்டான். ஒருநாள் மூடியிருந்த எண்ணெய்ப் பீப்பா ஒன்றை வெட்டச் சொன்னார்கள். வெறும் பீப்பாதான், ஆனால் உள்ளே ஆவி இருந்தது. நெருப்புப் பட்டதும் வெடித்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் உதவி. ஒரு கண்ணும் வலது கையின் இரண்டு விரல்களும் போயின. வைத்தியசாலைச் செலவுக்கென்று சிறு தொகை கொடுத்துவிட்டு, "அவன் எங்கட ஆள் இல்ல, நாட்கூலிக்கு வந்தவன்" என்றார்கள்.

அவன் யாருடைய ஆளும் இல்லை என்பது உண்மையல்ல. இந்நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலேயே வந்துவிட்டது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டினது. இரண்டும் அவன் பிறப்பதற்கு முன்பே இருந்த சட்டங்கள். ஆனால் சட்டத்தின் கதவைத் தட்ட ஒரு பெயர்ப் பதிவு வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும், இன்னார் என் முதலாளி என்று காட்ட ஒரு துண்டாவது வேண்டும். பழைய இரும்பில் எடைக்குத்தான் சீட்டு உண்டு, ஆளுக்குச் சீட்டு இல்லை. இது ஏதோ தூரத்து ஆலைகளின் குறை என்று தள்ளிவிட முடியாது. எமது வாப்பாவின் கடையிலும் அந்த ஐந்து பேருக்குச் சம்பளப் பதிவு இருந்ததாக நான் அறியேன். பெருநாளுக்கு உடுப்பும் தீபாவளிக்குக் காசும் கொடுத்தார். காயம்பட்டால் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு தொழிலாளியின் உரிமை முதலாளியின் நல்ல குணத்தில் தங்கியிருக்கக்கூடாது என்பதை மாமியின் மகனுக்கு நடந்ததற்குப் பிறகுதான் அவரும் ஒத்துக்கொண்டார்.

திரும்பிப் போனபோது

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் வாப்பாவும் நானும் யாழ்ப்பாணம் போனோம். கடைக்கு நான்கு சுவர் மட்டும் நின்றது. கூரைத் தகரம், கதவு, யன்னல் கம்பி, தராசு தொங்கிய இரும்பு வளை எதுவும் இல்லை. நிலத்தில் கொங்கிறீற்றோடு இருந்த நான்கு ஆணிகளைக்கூட யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். வாப்பா சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்ல தொழில் தெரிஞ்ச ஆள்தான் கழட்டியிருக்கான்" என்றார். அந்தச் சிரிப்பை அப்போது என்னால் தாங்க முடியவில்லை.

பின்ஒழுங்கை அம்மா இருந்தார். இடப்பெயர்வு, செல்லடி எல்லாம் பட்டுத் திரும்பியிருந்தார். படிக்கல் அவர் வீட்டுக் கிணற்று மூடியின் மேல் பாரமாகக் கிடந்தது. "நானா, 95இல ஓடேக்க இதைத் தூக்கேலாமப் போச்சு. வந்து பாக்க இது மட்டும் அப்படியே கிடந்தது" என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். சோதனைச் சாவடியில் இது என்னவென்று விளக்க நேரமெடுத்தது.

2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிப் போனவர்களில் எமது காக்காவும் ஒருவர். திரும்பிய எம்மவரில் கணிசமானோர் முதலில் கையில் எடுத்தது பழைய இரும்பைத்தான். அப்போது வடக்கில் இரும்பு எங்கும் கிடந்தது. எரிந்த வாகனங்கள், உடைந்த வீடுகளின் கம்பி, உழவு இயந்திரம், சைக்கிள். சில இடங்களில் வெடிக்காத குண்டும் அதனோடு கிடந்தது. செல்லின் பித்தளைக்கு நல்ல விலை. அதைத் தட்டிப் பார்த்துக் கையை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் உண்டு. 2017இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை அதற்குப் பின்னும் தொடர்ந்தது.

அந்த நாட்களில் வாப்பா ஒருமுறை காக்காவின் கடைக்குப் போயிருந்தார். ஒரு பொடியன் தையல் மெசின் தலை ஒன்றும் கிணற்றுக் கப்பி ஒன்றும் கொண்டுவந்தான். காக்கா நிறுக்கப் போனார். வாப்பா தடுத்தார். "தம்பி, இது எந்த வீட்டுச் சாமான்? வீட்டாக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். பொடியன் தெரியாது என்றான். "அப்ப கொண்டுபோய் அங்கயே வச்சிரு" என்றார். காக்காவுக்குக் கோபம். இவர் வாங்காவிட்டால் அடுத்த கடை வாங்கும் என்பது அவருடைய வாதம். அது உண்மைதான். அடுத்த கடை வாங்கியுமிருக்கும். ஆனால் எமது கடையின் கூரையையும் ஒருநாள் யாரோ ஒருவர் இப்படித்தான் தராசில் வைத்திருப்பார், அவரிடம் வீட்டாக்கள் இருக்கினமோ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாப்பா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காக்கா அன்றிலிருந்து கப்பியும் தையல் மெசினும் வாங்குவதில்லை.

பழைய இரும்பின் வரலாறு இடப்பெயர்வின் வரலாறாகவும் இருப்பதை நான் அந்தச் சம்பவத்தில்தான் கண்டேன். ஒரு நாட்டில் எது எப்போது உடைந்தது, யார் எதை விட்டுவிட்டு ஓடினார்கள் என்பதெல்லாம் இரும்புக்காரனின் முற்றத்துக்கு வந்து சேர்கிறது. உலைக்குள் போனபின் அந்த அடையாளம் அழிந்துவிடும். கம்பியைப் பார்த்து இது யாருடைய கதவு என்று யாரால் சொல்ல முடியும்? அது உலைக்குப் போகுமுன் கடைசியாகக் கண்டவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான். அவர்களிடம் கேட்டு எழுதாவிட்டால் அந்தச் சாட்சியமும் சேர்ந்தே உருகிவிடும்.

பதிவு செய்யவேண்டியவை

வாப்பா 2016இல் வபாத்தானார். அவருடைய கணக்குக் கொப்பிகளில் ஒன்றுகூட என்னிடம் இல்லை, எல்லாம் 1990இல் கடையோடு போயின. நினைவில் இருப்பதை வைத்தே எழுதியிருக்கிறேன். ஆகவே இதனை முழுமையான ஆய்வாக எவரும் கொள்ளவேண்டாம், ஒரு தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

வடக்கில் மட்டுமல்ல, கொழும்பு, கண்டி, காத்தான்குடி, கல்முனை, பேருவளை என எமது ஊர்கள் எல்லாவற்றிலும் பழைய இரும்பு சேர்த்தவர்கள் இருப்பார்கள். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் இடிபாடுகளுக்குள் இரும்பு பொறுக்கியவர்களின் அனுபவம் தனியாக எழுதப்பட வேண்டியது. பழைய எடைச் சீட்டு, லொறிச் சீட்டு, தராசு, படிக்கல் என எது கிடைத்தாலும் படமெடுத்து வையுங்கள். தொழிலில் வழங்கும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அவற்றில் பல அகராதியில் இல்லை. எல்லாவற்றுக்கும் முதலில், கையில் தழும்போடு வீட்டு மூலையில் இருக்கும் மூத்தவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். வாப்பாவின் கடையில் வேலை செய்த ஐவரில் ஒருவர் இப்போதும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அடுத்த பயணத்தில் அவரைச் சந்தித்து அவருடைய பங்கையும் எழுத நாடியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். முதலாளியின் மகன் சொல்லும் கதை மட்டும் வரலாறாக நிற்பது சரியல்ல.

அந்தப் படிக்கல் இப்போது புத்தளத்தில் எமது வீட்டு முன்விறாந்தையில் இருக்கிறது. கடந்த ஆண்டு என் மகள் வம்ச விபரம் எழுதும் பாடசாலை வேலையொன்றைக் கொண்டுவந்தாள். வாப்பாட வாப்பா என்ன தொழில் செய்தார் என்று கேட்டாள். பழைய இரும்பு என்றேன். "அதை அப்படியே எழுதவா?" என்றாள். அப்படியே எழுதச் சொன்னேன்.